மன்னிப்பு: பர்மா தமிழ்ச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூன், பெகு, மோல்மீன் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து டீயும் வடையும் வருகிற நேரத்தில் ஓரமாக அழைத்துக் கேட்கிற கேள்விகள் இவை. கத்தோலிக்கர், மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி. பதில்கள் எந்தச் சபையின் தீர்மானமும் அல்ல. குடும்பத் தகராறு என்றால் கூப்பிட்டு அனுப்பப்படுகிற ஒரு மூப்பரின் அபிப்பிராயம், அவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் மன்னிப்பை ரொம்ப அவசரப்படுத்துகிறோம். அடிபட்டவர் வாயைத் திறப்பதற்குள் “சரி, கையைக் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள்” என்கிறோம். கீழே உள்ள பதில்களில் பாதி அந்த அவசரத்துக்கு எதிராக எழுதியவை.

மன்னித்துத்தான் ஆக வேண்டுமா? மனம் வந்தால் பார்க்கலாம் என்று விட்டுவிடக் கூடாதா?

மன்னித்துத்தான் ஆக வேண்டும். பரமண்டல ஜெபத்தில் ஆகாரம், சோதனை, தீமை என்று பல விண்ணப்பங்கள் இருக்கின்றன. ஜெபத்தை முடித்த கையோடு இயேசு திரும்பவும் எடுத்து விளக்குவது மன்னிப்பை மட்டுமே (மத்தேயு 6:14-15). நீங்கள் மன்னிக்காவிட்டால் பிதாவும் மன்னிக்கமாட்டார் என்கிறார். இதை மழுப்பிப் பேச எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால் அதே மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் சொல்லும் கடன்காரன் கதையை, ராஜா பெரிய கடனை மன்னித்துவிட்ட வேலைக்காரன் தன் உடன்வேலைக்காரனின் கடனை மன்னிக்காத கதையை, நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. அப்படியானால் ராஜாவிடம் அவன் பட்ட 10,000 தாலந்துக் கடன் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும். உடன்வேலைக்காரன் அவனுக்குத் தர வேண்டியதோ 100 வெள்ளிப்பணம்.

இந்த இரண்டாவது கடனை எல்லாப் பிரசங்கியாரும் “அற்பக் காசு” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது மூன்று மாதத்துக்கு மேலான சம்பளம். ரங்கூனில் ஒரு குடும்பம் மூன்று மாதச் சம்பளத்தை இழந்தால் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். உங்களுக்கு நடந்த அநியாயம் சின்னது என்று இயேசு சொல்லவே இல்லை. நிஜமான கடனைத்தான் விடச் சொல்கிறார். அதனால் மன்னிக்கும் முன் அந்தக் கடன் எவ்வளவு என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லவிடாமல் மன்னிக்கச் சொல்கிறவர், கணக்கைப் பார்க்காமலே நோட்டைக் கிழிக்கச் சொல்கிறார்.

மன்னித்துவிட்டேன், ஆனால் மறக்க முடியவில்லை. அப்படியென்றால் என் மன்னிப்பு பொய்யா?

பொய் இல்லை. அண்ணன்மார் அடிமையாக விற்றுப்போட்ட யோசேப்பு, எகிப்தில் தன் மூத்த மகன் பிறந்தபோது, தகப்பன் வீட்டையும் பட்ட வருத்தத்தையும் மறக்கும்படி தேவன் பண்ணினார் என்றான் (ஆதியாகமம் 41:51). அடுத்த அதிகாரத்தில் அண்ணன்மார் தானியம் வாங்க வந்து நின்றதும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தனியாகப் போய் அழுதான். இரண்டும் ஒரே மனுஷன்தான். ஞாபகம் வரும்போது பழிவாங்கும் திட்டமும் கூடவே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மன்னித்தால் பழையபடி போக்குவரத்து வைத்துக்கொள்ள வேண்டுமா?

இல்லை. மன்னிப்புக்கு உங்கள் ஒருவர் மனது போதும். பழையபடி சேர்வதற்கு இரண்டு பேர் வேண்டும், நாளும் ஆகும். யோசேப்பு அண்ணன்மாரைப் பார்த்த அன்றே “நான்தான் உங்கள் தம்பி” என்று சொல்லவில்லை. சோதித்தான், திருப்பி அனுப்பினான், கடைசித் தம்பி பென்யமீனைக் கூட்டிவரச் சொன்னான். பென்யமீனுக்குப் பதிலாகத் தான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவனான யூதா முன்வந்த பிறகுதான் யோசேப்பு வாயைத் திறந்தான். விற்றவர்கள் மாறிவிட்டார்கள் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

பகைத்துப் பிரிந்த சகோதரர் யாக்கோபும் ஏசாவும் கட்டிப்பிடித்து அழுத காட்சியை (ஆதியாகமம் 33) ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து காட்டுகிறோம். அதே அதிகாரத்தின் 16, 17-ஆம் வசனங்களை யாரும் வரைவதில்லை. ஏசா சேயீருக்குப் போய்விட்டான். யாக்கோபு வேறு திசையில் சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டான். பவுலும் பர்னபாவும் மாற்கு விஷயத்தில் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். வருஷங்கள் கழித்து, அந்த மாற்கை அழைத்துவா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று அதே பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). “கூடுமானால் உங்களாலானமட்டும்” என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது. கூடாத இடமும் உண்டு என்று அந்த வசனத்துக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். காலையில் அழுது மன்னிப்புக் கேட்கிறார். சபையில் ‘ஏழெழுபது தரம்’ என்கிறார்கள். நான் என்ன செய்ய?

அக்கா, தங்கச்சி, யாராக இருந்தாலும் முதல் பதில் இதுதான்: அடி விழாத இடத்துக்குப் போங்கள். மன்னிப்பதைப் பற்றி அங்கே உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

‘ஏழெழுபது தரம்’ என்ற வசனம், எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டதற்கான பதில். எத்தனை தடவை அடி வாங்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அதற்கு முந்தின வசனங்களை எடுத்துப் பாருங்கள் (மத்தேயு 18:15-17). உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தவனிடம் போய் அவன் குற்றத்தைச் சொல்லு, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்லு என்று இருக்கிறது. அடிபட்ட பெண்ணிடம் 22-ஆம் வசனத்தைச் சொல்கிற மூப்பர்கள், அடித்த ஆணிடம் 15-ஆம் வசனத்தோடு போனார்களா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் போயிருக்கமாட்டார்கள். அந்த ஆள் காணிக்கைக் கணக்கு எழுதுகிறவராகவோ பாடகர் குழுவில் இருப்பவராகவோ இருந்தால் நிச்சயமாகப் போயிருக்கமாட்டார்கள்.

தாவீதைப் பாருங்கள். சவுல் அவனைக் கொல்லத் துரத்தினான். குகையில் ஒரு தரம், பாளயத்தில் ஒரு தரம், கைக்கு எட்டின சவுலைத் தாவீது விட்டுவிட்டான். இரண்டாம் தரம் சவுல், “நான் பாவஞ்செய்தேன், திரும்பி வா, இனி உனக்குப் பொல்லாப்புச் செய்யமாட்டேன்” என்ற அர்த்தத்தில் கெஞ்சினான் (1 சாமுவேல் 26:21). தாவீது போகவில்லை. எடுத்த ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான், தன் வழியே போய்விட்டான். அடுத்த அதிகாரத்தில் சவுலின் கை எட்டாத ஊராகப் பார்த்துக் குடியேறினான். தாவீது மன்னிக்காதவன் என்று யாராவது சொல்வார்களா?

காலையில் வருகிற கண்ணீர் நிஜமாகவே இருக்கலாம். மனந்திரும்பினதற்கு அடையாளம் கண்ணீர் மட்டும் அல்ல. குடியை நிறுத்த உதவி தேடினாரா, அடித்ததை உங்கள் அண்ணன் முன்னாலும் போதகர் முன்னாலும் ஒத்துக்கொண்டாரா, நீங்கள் தனியாக இருக்கிற மாதங்களில் மிரட்டாமல் செலவுக்குப் பணம் தருகிறாரா என்று பாருங்கள்.

நடைமுறைக் காரியங்களும் உண்டு. வாய் காக்கிற ஒரு பெண்ணிடமாவது முதலில் சொல்லிவையுங்கள். அடையாள அட்டை, வீட்டுப் பெயர்ப்பட்டியலின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கொஞ்சம் பணம், இவற்றை அந்த வீட்டுக்கு வெளியே எங்காவது வையுங்கள். பர்மாவின் தண்டனைச் சட்டம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அடித்துக் காயப்படுத்துவது அதில் குற்றம், அடித்தவர் புருஷன் என்பதால் குற்றம் இல்லாமல் போகாது. புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். கொடுத்தால் மன்னிக்கவில்லை என்று அர்த்தம் ஆகாது.

குழந்தையிடம் தப்பாக நடந்துகொண்ட ஒரு சபைக்காரரை மன்னித்து விஷயத்தை அமுக்கிவிடலாமா?

கூடாது. மன்னிக்கிற உரிமை அந்தக் குழந்தைக்கு உரியது, அதுவும் அது வளர்ந்து தானாகப் பேசுகிற நாளில். கமிட்டிக்கு அந்த உரிமை கிடையாது. 2019-இல் வந்த குழந்தைகள் உரிமைச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எல்லாரும் குழந்தைகள்தான். அந்த ஆளைப் பிள்ளைகள் பக்கம் விடாதீர்கள், குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள், போலீசில் சொல்லுங்கள். சபையின் பேர் கெட்டுவிடும் என்பவர்களுக்கு மத்தேயு 18:6-ஐ வாசித்துக் காட்டுங்கள். சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் கட்டச் சொன்ன ஏந்திரக்கல் அங்கேதான் இருக்கிறது.

சீட்டு நடத்தியவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். இப்போது திரும்பி வந்து முன் பெஞ்சில் உட்காருகிறார். மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பணத்தைக் கேட்கக் கூடாதா?

தாராளமாகக் கேட்கலாம். வரி வசூலித்த சகேயு மனந்திரும்பின அன்று பாட்டுப் பாடவில்லை. அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான் (லூக்கா 19:8). பவுல் ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காகப் பிலேமோனுக்கு எழுதின கடிதத்தில், அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள்ளும், நானே தருவேன் என்று கைப்பட எழுதிக் கொடுக்கிறார். சமரசம் பேச வருகிற போதகர்களை நான் கேட்பது இதுதான்: ஐயா, பவுல் தன் பையில் கையை விட்டார், நீங்கள் விடுவீர்களா? கேட்டதும் சிரித்துவிடுவார்கள். அப்புறம் பேச்சு கொஞ்சம் நேர்மையாகும்.

இந்த மண்ணில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. லபெத் என்ற ஊறவைத்த தேயிலையை நாமும்தான் தினமும் சாப்பிடுகிறோம்: நடுவில் தேயிலை, சுற்றிலும் தனித்தனிக் கண்ணறையில் பொரித்த பூண்டு, வேர்க்கடலை, எள்ளு, காய்ந்த இறால் என்று அரக்குப் பெட்டியில் வரும். அந்தக் காலத்தில் வழக்குத் தீர்ந்ததும் லபெத் வைப்பார்கள். அதை எடுத்துச் சாப்பிட்டால் தீர்ப்பை ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. எனக்கு இதில் பிடித்தது வரிசை. முதலில் வழக்கு, அப்புறம் தீர்ப்பு, கடைசியில்தான் தேயிலை. நம் ஆட்கள் வழக்கைக் கேட்காமலே தேயிலையை நீட்டுகிறார்கள்.

சீட்டு விஷயத்தில் செய்ய வேண்டியது: யார் யாருக்கு எவ்வளவு என்று தாளில் எழுதி, அவர் கையெழுத்து வாங்கி, மாதம் இவ்வளவு என்று தவணை போடுங்கள். நிஜமாகவே அவரிடம் இல்லை என்று தெரிந்தால், விட்டுக்கொடுக்க முடிந்தவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கலாம். ஆனால் தன் பங்கை மட்டும். பக்கத்து வீட்டு விதவையின் பங்கையும் சேர்த்துத் தாராளமாக மன்னிக்கிற மூப்பர்களை நான் பார்த்திருக்கிறேன். தவணை முடிகிறவரை அவர் பாட்டுப் பாடட்டும், ஜெபம் பண்ணட்டும். பொருளாளர் வேலை மட்டும் வேண்டாம்.

1964-இல் தாத்தாவின் அண்ணன் குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் போய்விட்டது. பாட்டி நகையை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்று நாங்கள் சொல்கிறோம். இங்கே இருந்த வீட்டை நாங்கள் அமுக்கிக்கொண்டோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் ஃபேஸ்புக்கில் கண்டுபிடித்துப் பேச ஆரம்பித்து, அந்தச் சண்டையும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. யார் யாரை மன்னிக்க?

பர்மா தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு இந்தக் கதை உண்டு. வியாசர்பாடியிலும் திருச்சி பர்மா காலனியிலும் இதன் மறுபாதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வருஷம் என்ன நடந்தது என்று பேரப்பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள். கடைகள் தேசியமயமாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மூட்டையில் வைத்திருந்தவன் காகிதத்தோடு நின்றான். ஊருக்குப் போகிறவர்களைத் துறைமுகத்தில் சோதனை போட்டு, நகையில் கொஞ்சத்துக்கு மேல் கொண்டுபோக விடவில்லை. தாலியோடும் தோட்டோடும் இறங்கினவர்கள் எத்தனையோ பேர். ஆக, பாட்டியின் அந்த நகை பெரியதாத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே வாய்ப்புக் குறைவு. இரண்டு வீட்டுக்காரர்களும், திருடாத ஒருவரை அறுபது வருஷமாகத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். வீட்டுக் கதையும் அப்படித்தான்: ஆள் இல்லாமல் போட்டால் கைவிட்டுப் போயிருக்கும் என்று பயந்து யாரோ ஒருவர் அதில் உட்கார்ந்திருப்பார்.

தகப்பன் அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது. அதனால் பேரன் பேரனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாட்டி சார்பில் மன்னிக்கவும் அவனுக்கு அதிகாரம் இல்லை. செய்யக்கூடியது வேறு. அங்கே உயிரோடு இருக்கிற மூத்தவர் ஒருவர், இங்கே ஒருவர், இருவரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல, சின்னவர்கள் பதிவு செய்யட்டும். குறுக்கே பேசக் கூடாது. வீட்டுக் கதையில் ஆரம்பிக்காதீர்கள். கப்பல் புறப்பட்ட நாளில் யார் யார் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போனார்கள் என்பதில் ஆரம்பியுங்கள். அண்ணனும் தம்பியும் பிரிகிற அன்று சண்டையில்லாமல்தான் பிரிந்தார்கள் என்று தெரியவந்த குடும்பங்கள் உண்டு. சண்டை பிற்பாடு கடிதத்தில் வந்திருக்கும்.

பத்திரம் இன்னும் கையில் இருந்து பணமும் கைமாற வேண்டியிருந்தால் வக்கீலிடம் போங்கள். அதை மன்னிப்போடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

ஒரு நாட்டை, ஒரு ஆட்சியை மன்னிப்பது எப்படி?

யாராவது வந்து மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம், கேட்கமாட்டார்கள். பழிவாங்குதல் என்னுடையது என்று கர்த்தர் சொன்னதை (ரோமர் 12:19) அப்படியே அவர் கையில் விடுவதைத் தவிர வேறு பெரிய பதில் என்னிடம் இல்லை. நியாயம் கேட்பதை அது தடுக்காது.

ஆனால் ஆட்சியின் மேல் உள்ள கசப்பு, பக்கத்து வீட்டு பர்மாக்காரர் மேல் வடிவது வேறு விஷயம். இங்கே அதோனிராம் ஜட்சனைச் சொல்லலாம். 1813-இல் ரங்கூனுக்கு வந்த மிஷனரி. 1824-இல் இங்கிலீஷ்காரனோடு யுத்தம் மூண்டதும், அமெரிக்கராக இருந்தும் உளவாளி என்று அப்போதைய பர்மியத் தலைநகர் ஆவாவில் பிடித்து விலங்கு மாட்டினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் சிறை. விடுதலையான பின் 1826-இல் மனைவி ஆன் இறந்தார்; அடுத்த வருஷம் கைக்குழந்தையும் போயிற்று. அவர் கப்பலேறி ஊர் போய்ச் சேர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் மனம் உடைந்துதான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் தங்கி, 1834-இல் பர்மிய பைபிளை முடித்தார். தன்னை விலங்கு மாட்டினவர்களின் பாஷையில் அத்தனை வருஷம் உட்கார்ந்து வேலை செய்தவர், அந்த ஜனங்களை வெறுத்துக்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது.

தடின்ஜுட் சமயத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்குக் கடோ செய்கிறார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகள் செய்யலாமா?

தெரியாத ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பௌத்தர்களின் தவக்காலம் முடிகிற தடின்ஜுட்டிலும், ஏப்ரல் புதுவருஷத்திலும் சின்னவர்கள் பெரியவர்களிடம் பழமோ கைலித்துணியோ மெழுகுவத்தியோ கொண்டுபோய், முழங்காலிட்டு, கைகூப்பி, மூன்று தரம் தலை தாழ்த்தி, உடம்பாலும் வாயாலும் மனசாலும் செய்த குற்றங்களைப் பொறுக்கும்படி கேட்பார்கள். பெரியவர் பொறுத்தேன் என்று ஆசி சொல்லி, கையில் கொஞ்சம் காசும் வைப்பார். அதுதான் கடோ.

புத்தர் சிலை முன்னால் செய்வதையும் ஆசிரியர் முன்னால் செய்வதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு நான் தடை சொல்லமாட்டேன். யாக்கோபு ஏசா முன்னால் ஏழு தரம் தரைமட்டும் குனிந்தான். அது வணக்கமே தவிர ஆராதனை அல்ல. மனசாட்சி குத்துகிறவர்கள் நின்று கைகூப்பி வாயால் கேட்கட்டும். எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ளமாட்டார். சில சபைகள் கண்டிப்பாக வேண்டாம் என்கின்றன. அந்தச் சபைப் பிள்ளைகளை மற்றவர்கள் கேலி செய்ய வேண்டியதில்லை.

எனக்கு இந்த வழக்கத்தில் வேறொரு குறை. கடோ கீழிருந்து மேலே மட்டும் போகிறது. மருமகள் மாமியார் காலில் விழ நாள் இருக்கிறது. மாமியார் மருமகளிடம் “நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, தாயி” என்று சொல்ல நாள் இல்லை. நம் சபைகளும் அப்படித்தான்: வாலிபர் கூட்டத்தில் பிள்ளைகளை அழவைத்து மன்னிப்புக் கேட்கவைக்கிறோம், மூப்பர் கூட்டத்தில் அந்தப் பேச்சே வருவதில்லை. இன்னொன்று, ‘மூன்று வகையிலும் செய்த எல்லாக் குற்றமும்’ என்று மொத்தமாகக் கேட்பது தினசரி உரசல்களுக்கு நல்லது. குறிப்பிட்ட ஒரு துரோகத்துக்கு அது போதாது. அதைப் பேர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

திருவிருந்து நாளில் ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றால் எடுக்கலாமா?

மத்தேயு 5:23-24 உங்களுக்கு யார் மேல் குறை என்று கேட்கவில்லை. உங்கள் மேல் யாருக்காவது குறை உண்டா என்று கேட்கிறது. உண்டு என்றால், அதில் உங்கள் தப்பும் இருந்தால், போய்ப் பேச ஒரு முயற்சி எடுங்கள். எடுத்தும் அவர் கதவைத் திறக்கவில்லை என்றால் நிம்மதியாகத் திருவிருந்து எடுங்கள். வருஷக்கணக்காக எடுக்காமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர், தப்பு செய்தவர்கள் அல்ல, செய்யப்பட்டவர்கள். செய்தவர் முதல் வரிசையில் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.

“அவன் நாசமாப் போக” என்று வாயில் வந்துவிடுகிறது. பாவமா?

109-ஆம் சங்கீதத்தை வாசித்திருக்கிறீர்களா? நீங்கள் சொன்னதைவிட மோசமாக இருக்கும். அதைத் தாவீது தேவனிடம் சொன்னான், தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றவில்லை. நீங்களும் அவரிடமே சொல்லுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். உயிரோடு இருந்தபோது எங்களைக் கைவிட்டுப் போனவர். இனி மன்னித்து என்ன பயன்?

அவருக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. ரங்கூன் யேவே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சத்தமாகவே பேசிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். சிலர் கடிதமாக எழுதுகிறார்கள். “நீங்க போனதுல நாங்க பட்டது இது” என்று முழுசாகச் சொல்லி முடித்த பிறகு, “சரி, இனி உங்ககிட்ட இத நான் கேக்கல” என்று சொல்லுங்கள். அம்மா உயிரோடு இருந்தால் அவரையும் அதே நாளில் மன்னிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் கடன் வேறு.

என்னை நானே மன்னிக்க முடியவில்லையே?

அப்படி மன்னிக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கும் இல்லை. பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிக்கிறார் என்கிற 1 யோவான் 1:9-ஐ நம்புங்கள். நீங்கள் யாருக்குச் செய்தீர்களோ அவரிடம் போனீர்களா என்றும் பாருங்கள். போகாதவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

பேசாமல் இருக்கிற சித்தப்பா வீட்டில் சாவு. போகலாமா?

போங்கள். துக்க வீட்டில் யாரும் கணக்கு கேட்கமாட்டார்கள். அன்றைக்கே பழைய விஷயத்தை எடுக்காதீர்கள், நாற்காலி எடுத்துப்போடுகிற வேலை எதையாவது பாருங்கள்.

சரி, நான்தான் தப்பு செய்தவன். எப்படி மன்னிப்புக் கேட்பது?

“ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க” என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ‘ஏதாவது’வும் ‘இருந்தா’வும் சேர்ந்து எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டுவிடும். என்ன செய்தீர்களோ அதைச் சொல்லுங்கள்: “அண்ணே, கடை கணக்குல நீங்க போட்ட பணத்தை இல்லைன்னு நான் எல்லார் முன்னாலயும் சொன்னேன். அது பொய். எனக்கு அப்பவே தெரியும்.” அதோடு நிறுத்துங்கள். “ஆனா நீங்களும்” என்று ஆரம்பிக்கத் தோன்றும். விழுங்கிவிடுங்கள். அவர் பக்கத்துத் தப்பு நிஜமாகவே இருக்கலாம், அதற்கு இன்றைக்கு முறை இல்லை.

பொய்யை எல்லார் முன்னாலும் சொன்னீர்கள் என்றால் திருத்துவதையும் எல்லார் முன்னாலும் செய்ய வேண்டும். பொருளாக எடுத்திருந்தால் பொருளாகத் திருப்பித் தாருங்கள். யாக்கோபு தன் அண்ணனிடம் வெறும் கையோடு போகவில்லை. ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படி கால்நடைகளை முன்னால் அனுப்பிவிட்டுத்தான், பின்னால் நொண்டிக்கொண்டு போனான்.

அவர் உடனே “பரவாயில்லை” என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். யோசிக்கட்டும், ஒரு மாதம் ஆகட்டும், திட்டட்டும். நடுவில் யாரையும் தூது அனுப்பி நெருக்காதீர்கள். நேரில் போக முடிகிற தூரம் என்றால் நேரில் போங்கள். போக முடியாத தூரத்தில் இருந்தால் போன் போடுங்கள். வைபரில் ஒரு கைகூப்பின பொம்மையை மட்டும் அனுப்பிவிட்டு, பார்த்துவிட்டாரா என்று மணிக்கு ஒரு தரம் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம்.